தடை மட்டும் தெரிந்தது, காரணம் தெரியவில்லை

மழைநீர் வாய்க்காலை மறித்து எழுப்பிய சுவரை அகற்றச் சொல்லி உள்ளாட்சி அமைப்பு அனுப்பிய நோட்டீசுக்கு எதிராக, சுவரின் உரிமையாளர் உயர் நீதிமன்றத்தின் கோடை விடுமுறைக்கால அமர்வில் அவசர மனு போட்டு இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். எதிர்மனுதாரர் பட்டியலில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பெயரும் இருந்தும், எங்களுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. இடிக்க வந்த ஊழியர்கள் எதிர்த்தரப்பு வக்கீலின் கடிதத்தைப் படித்துவிட்டுத் திரும்பிய பிறகே விஷயம் தெரிந்தது.

தடை கிடைத்ததைவிட, அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று அறிய முடியாமல் போனதுதான் இன்றும் உறுத்துகிறது. இணையத்தில் வழக்கு நிலையைப் பார்த்தால் 'இடைக்காலத் தடை' என்று ஒரே வரி. உத்தரவு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நகல் பிரிவில் கேட்டால், வழக்குக் கட்டு இன்னும் நீதிபதியின் அறையிலிருந்து வரவில்லை என்றார்கள். அங்கே விசாரித்தால், கையெழுத்தாகிக் கீழே போய்விட்டது என்றார்கள். அத்தனை நாளும் தடை மட்டும் முழு வீச்சில் அமலில் இருந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். வழக்கு ஆவணங்களின் நகலை அந்தந்த உயர் நீதிமன்ற விதிகளின்படிதான் பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சிலேயே தீர்ப்பளித்துவிட்டது. தடை பற்றித் தெரிந்த அன்றே உத்தரவின் நகல் கேட்டு மனு போட்டு, அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வதே வழி.

ஒருவழியாகக் கைக்கு வந்த நகலில், முகாந்திரம் இருப்பதாகத் தெரிகிறது என்பதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை. மறுதரப்பைக் கேட்காமல் தடையாணை வழங்கினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆவது கட்டளை, 3ஆவது விதி சொல்கிறது. அது கட்டாயமானது என்று 1993இல் சிவகுமார் சத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அரசு அமைப்பின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் இதுபோன்ற ரிட் மனுவுக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாது என்றாலும், ஒரு தெருவையே கட்டிப்போடும் உத்தரவுக்கு அதே நியாயம் வேண்டாமா?

எங்களுக்குக் கைகொடுத்தது அரசியலமைப்பின் 226(3)ஆவது பிரிவு. நம்மைக் கேட்காமல், மனு நகலும் தராமல் வழங்கிய இடைக்கால உத்தரவை நீக்கக் கோரி மனு செய்தால், இரண்டு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்கிறது அது. மனு நீதிமன்றத்துக்குக் கிடைத்த நாள், அதன் நகல் எதிர்த்தரப்புக்குக் கிடைத்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்துதான் இந்தக் கெடு ஓடும். ஆகவே எதிர்த்தரப்பு வக்கீலிடம் நகலைக் கொடுக்கும்போது தேதியிட்ட கையொப்பம் வாங்க மறக்காதீர்கள். எங்களிடம் அது இருந்ததால், நகலே வரவில்லை என்ற அவர்களின் வாதம் எடுபடவில்லை.

விடுமுறை முடிந்து வந்த வழக்கமான அமர்வு, வாய்க்காலைக் காட்டும் புல வரைபடத்தைப் பார்த்துத் தடையை நீக்கியது. வரைபட விவரத்தோடு காரணங்களைச் சொன்ன அந்த உத்தரவு மறுநாளே இணையத்தில் ஏறியது. ஆனாலும் அதை அச்செடுத்து நீட்டினால் அதிகாரிகள் அசையமாட்டார்கள். சான்றிட்ட நகலைக் கொடுத்துப் பெறுகைச் சீட்டு வாங்கிய பிறகுதான் எங்கள் தெருவுக்கு ஆட்கள் மீண்டும் வந்தார்கள்.