ட்யூனர் முள்ளு நடுவுல நின்னா மட்டும் சுருதி சேராது

மியூசிக் டிகிரின்னா ரூம் கதவ சாத்திட்டு நாள் பூரா ஊதறதுதானேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஊதறது உண்டுதான், காலைல முதல் வேலையே லாங் டோன், ஒரே ஸ்வரத்த சன்னமா ஆரம்பிச்சு சத்தத்த ஏத்தி திரும்ப இறக்கி மூச்சு தீர்ற வரைக்கும் புடிக்கணும், அப்புறம் ஸ்கேல், எட்யூட் (பயிற்சிக்குன்னே எழுதின பீஸ்), கான்செர்ட்டோ, ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன்ல கேக்கற எக்ஸர்ப்ட்ஸ் (பெரிய பீஸ்லேருந்து எடுத்த துண்டுகள்)னு போயிட்டே இருக்கும். செமஸ்டர் கடைசில ஜூரி, டீச்சர்ஸ் வரிசையா உக்காந்து கேட்டு மார்க் போடுவாங்க. ஆனா கிளாரினெட் படிக்கற என்ன கேட்டா இந்தப் படிப்போட உயிரே விண்ட் குவின்டெட்ல, அதாவது அஞ்சு பேர் சேர்ந்து ஊதற குழுவுல தான் இருக்கு.

ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன், கூட ஒரு ஹார்ன், அஞ்சு பேர். வயலின்காரங்க நாலு பேர் சேர்ந்தா எல்லாமே ஒரே குடும்பம், இங்க அஞ்சும் அஞ்சு விதம். சத்தம் ஏத்தினா ஃப்ளூட் சுருதி மேல ஏறும், கிளாரினெட் கீழ இறங்கும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கிரெசென்டோ (சத்தத்த படிப்படியா ஏத்தறது) போனா பக்கத்துல பக்கத்துல உக்காந்துட்டே ஆளுக்கொரு திசையில விலகிப் போயிடுவோம், அவங்க காத்தோட கோணத்த கொஞ்சம் கீழ சாய்க்கணும், நான் உதடு தளராம புடிச்சுக்கணும், ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும்.

இதவிட பெரிய விஷயம் மேஜர் கார்ட், மூணு ஸ்வரம் ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கறது. ச, க, ப ன்னு நினைச்சுக்கோங்க, அந்தர காந்தாரம் என் கிட்ட இருக்கு. ட்யூனர் (சுருதி சரியான்னு முள்ளால காட்டற கருவி) முள்ளு சரியா நடுவுல நிக்கற மாதிரி நான் ஊதினா கார்ட் உள்ள வ்வ்வ்னு ஒரு அலை அடிச்சுட்டே இருக்கும். ஏன்னா ட்யூனர் காட்டறது சம இடைவெளி கணக்கு, அதுல ச-க தூரம் 400 சென்ட் (பக்கத்து பக்கத்து ஸ்வரத்துக்கு நடுவுல இருக்கற அரை ஸ்வர தூரத்த நூறா பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு சென்ட்), காதுக்கு இயல்பா சேர்ற 5க்கு 4 விகிதத்துல அது 386 தான். அதனால முள்ளு காட்டற இடத்துலேருந்து சுமார் 14 சென்ட் கீழ வைக்கணும். உதட்ட ஒரு இழை விட்டு, தேவைப்பட்டா கீழ இன்னொரு விரல சேர்த்து இறக்கினா அந்த அலை மெதுவாகி மெதுவாகி நின்னுடும், கார்ட் அப்படியே கல்லு மாதிரி உக்காரும். ஃப்ளூட்டும் ஓபோவும் மேல் ஸ்தாயில அப்படி சேரும்போது யாருமே வாசிக்காத ஒரு கீழ் ஸ்வரம் கூட காதுல கேக்கும், முதல் தடவ கேட்டப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு!!

அடுத்த பார்லயே (தாளக் கட்டத்துலயே) அதே ஸ்வரம் வேற கார்டோட பஞ்சமம் ஆயிடும், இப்போ இறக்கினது தப்பு, 2 சென்ட் மேல வேணும். அதாவது என் பார்ட்ட மட்டும் பாத்தா பத்தாது, கீழ பஸ்ஸூன் என்ன புடிக்கறான்னு தெரியணும். தியரி க்ளாஸ் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான், ஹார்மனி தெரியாம சுருதி சேக்க முடியாது.

ரீட், அதாவது வாய் வச்சு ஊதற இடத்துல அதிர்ற மெல்லிசு பட்டை, அது பத்தி தனியா எழுதணும், அது ஒரு உலகம். நாணல் தான், அருண்டோ டோனாக்ஸ், காத்துல ஈரம் மாறினா அதுவும் மாறும். நாங்களாவது பெட்டில வாங்கிக்கறோம், ஓபோ, பஸ்ஸூன் படிக்கறவங்க கத்தியும் நூலும் வச்சு நாதஸ்வர சீவாளி மாதிரி ரெட்டை ரீட் தாங்களே செஞ்சுக்கறாங்க, அவங்களுக்கு அதுவே இன்னொரு பாடம்.

இந்தக் கோர்ஸ்ல சேரப் போறவங்க இப்பவே ஒன்னு ஆரம்பிங்க, ட்யூனர கொஞ்சம் ஓரமா வச்சுட்டு ட்ரோன் போட்டு ஊதுங்க. கீழ ச ஓடிட்டே இருக்கட்டும், மேல காந்தாரத்த வச்சு அலை நிக்கற வரைக்கும் அசைச்சுப் பாருங்க, அப்புறம் பஞ்சமம், அப்புறம் சத்தத்த ஏத்தி இறக்கி அதே இடத்துல நிக்குதான்னு பாருங்க.