எலும்புக்குப் போட்ட ஊசி, கண்ணில் வந்த சிவப்பு

மூட்டுவாதத்துக்காக மூன்று ஆண்டுகளாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குகிறேன். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். கண்ணைப் பற்றியும் சொல்லியிருப்பார், என் காதில்தான் விழவில்லை.

போன ஆண்டு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பின் டி-ஸ்கோர் மைனஸ் 2.8. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புத் தேய்மானம்தானாம். முதலில் வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக்கூடாது. அப்படி இருந்தும் நெஞ்செரிச்சல் தாங்கவில்லை. அதனால் ஆண்டுக்கு ஒரு தடவை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலத்துக்கு மாற்றினார்கள்.

அந்த ஊசி ஏற்றிய அன்று இரவு காய்ச்சல், உடம்புவலி. எதிர்பார்த்ததுதான், பாராசிட்டமாலில் அடங்கியது. மூன்றாம் நாள் காலையில் வலது கண் சிவந்திருந்தது. மெட்ராஸ் ஐ என்று நானே முடிவு கட்டி, வீட்டில் கிடந்த பழைய சொட்டு மருந்தைப் போட்டு ஒரு நாளை வீணாக்கினேன். ஆனால் பீளை இல்லை, அரிப்பும் இல்லை. கருவிழியைச் சுற்றி வளையம் கட்டினாற்போலச் சிவப்பு. திரையை விலக்கினால் கண்ணுக்குள் ஆழத்தில் குத்தியது.

கண் டாக்டர் டார்ச்சை நல்ல கண்ணில்தான் அடித்தார். வலித்ததோ சிவந்த கண். அதிலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. “புதுசா ஏதாவது மருந்து எடுத்தீங்களா?” என்றார். இல்லை என்றேன். மாத்திரை மட்டும்தான் மருந்து என்று மனதில் ஏன் பதிந்திருக்கிறதோ! கிளம்பும் நேரத்தில்தான் ஊசி நினைவுக்கு வந்தது. அந்த வகை எலும்பு மருந்துகள் அபூர்வமாகக் கண்ணுக்குள் அழற்சியைக் கிளப்புமாம், ஊசியாகப் போட்டால் சில நாட்களிலேயே. யுவைடிஸ் என்று எழுதினார்.

வைத்தியம் என்ன தெரியுமா? ஸ்டீராய்டு சொட்டு, அதுவும் மணிக்கொரு தடவை. கூடவே கருவிழி லென்ஸோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கண்மணியை விரிக்கும் சொட்டு. சிவப்பு ஒரு வாரத்தில் வடிந்தது. மூன்றாவது வாரம் பார்த்தால் 16 இருந்த கண் அழுத்தம் 27. பொதுவாக 21-க்குள் இருக்க வேண்டும். எனக்கு வலியோ மங்கலோ துளியும் இல்லை. சிலருக்கு ஸ்டீராய்டால் அழுத்தம் இப்படிச் சத்தமில்லாமல் ஏறி, பார்வை நரம்பை அரித்துவிடுமாம். அழுத்தம் குறைக்க இன்னொரு சொட்டு. ஸ்டீராய்டு சொட்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள்.

அப்புறம் இரண்டு கண்ணிலும் கண்புரை தொடங்கியிருந்தது. இது பழைய மாத்திரையின் வேலை. மாதக்கணக்காகக் கண்ணாடியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வெயிலில் உட்கார்ந்தால் எழுத்து கலங்கும், நிழலுக்குப் போனால் தெளியும். ஸ்டீராய்டுப் புரை பெரும்பாலும் லென்ஸின் பின்பக்கம், நடுவில் படியும். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கும்போது பார்வைக்கு மிஞ்சுவது அந்த மங்கலான நடுப்பகுதிதான்.

பிரெட்னிசோலோனை அன்றே நிறுத்திவிடுகிறேன் என்றேன். மூட்டு டாக்டர் திட்டினார். இத்தனை ஆண்டு எடுத்தபின் சட்டென்று விட்டால், உடம்புக்கான ஸ்டீராய்டைத் தானே சுரக்க வேண்டிய, ஆனால் மாத்திரையால் தூங்கிப்போன அட்ரினல் சுரப்பி ஈடு கொடுக்காது. மெல்ல மெல்லத்தான் குறைத்துக்கொண்டு வருகிறோம். எலும்புக்கு இப்போது வேறு வகை மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி. இதில் தேதி தள்ளிப்போகக் கூடாது. மருந்துச் சீட்டில் ஊசிகளின் தேதியையும் நானே எழுதி, மூன்று டாக்டர்களிடமும் நீட்டுகிறேன்.

போன வாரம் கண் டாக்டரிடம், புரைக்கு ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன்.

“மாடிப்படியில கடைசிப் படி தெரியுதா?”

“எதிர்வெயில் இல்லேன்னா தெரியுது.”

“சரி, கைப்பிடியைப் பிடிச்சே இறங்குங்க. உங்க எலும்பு விழறதுக்குத் தாங்காது. மூணு மாசத்துல மறுபடி பார்ப்போம்.”