அப்பாவின் பெயர் பிச்சை

என் அப்பாவின் பெயர் பிச்சை. சென்னையில் அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ‘பிச்சை சார்’ என்று சொல்ல அவர்களுக்கு வாய் கூசியது. ‘முத்து சார்’ ஆக்கிவிட்டார்கள். மரியாதையாக நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் ஓய்வுபெற்ற நாளில் கொடுத்த வாழ்த்து மடலிலும் ‘திரு. முத்து’ என்றே அச்சடித்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு மனம் ஆறவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே தவறிவிட்டன. மூன்றாவதையாவது எமன் கண்ணில் படாமல் காக்க வேண்டுமே! பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். எதிர்வீட்டுக் கிழவி, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று எடுத்துக்கொண்டாள். அப்பத்தா முறத்தில் தவிடு கொண்டுபோய்க் கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்கி வந்தாள். பிறகு மூக்கும் குத்தினார்கள். அந்தத் துளை தூர்ந்து, அப்பாவின் வலது மூக்கில் கடுகளவு வடுவாக இன்றும் இருக்கிறது. முகம் மழிக்கும்போது அவர் விரல் அங்கே ஒரு கணம் நின்றுதான் நகரும்.

பெற்றவளுக்கே சொந்தமில்லாத, தவிட்டு விலைக்குக் கைமாறுகிற பிள்ளையை எந்தத் தெய்வம் ஆசைப்பட்டுப் பறிக்கும்? கணக்கு அவ்வளவுதான். பிச்சை, மூக்கன், மூக்கம்மாள், குப்பம்மாள் என்று எங்கள் ஊரில் எத்தனையோ பேர். சாவுக்குப் பயந்த தாய்மார்கள் வைத்த பெயர்கள் இவை. இதைவிடச் செல்லமான பெயர் வேறென்ன இருக்கிறது?

உசிலம்பட்டி மக்கள் மீண்டும் மீண்டும் சட்டமன்றத்துக்கு அனுப்பிய பி.கே. மூக்கையா தேவர் பெயரை எவரும் குரல் தாழ்த்திச் சொல்வதில்லை. கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை என்றால் பெருமையோடு சொல்கிறோம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் பெயர் என்றால் மட்டும் ஏன் கூச வேண்டும்?

1971-இல்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-இல் அது 13. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஊருக்குள் வந்த பிறகு, இப்படிப் பெயர் வைக்கும் அவசியம் குறைந்துபோனது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. அதற்காக, வைத்த பெயரை ஒளிக்க வேண்டுமா?

இப்போது தம்பிக்குக் கல்யாணம். ‘சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? பத்திரிகையில் முத்து என்றே போட்டுவிடலாம்’ என்றார் சித்தப்பா. வேண்டுமானால் அரசிதழில் விளம்பரம் கொடுத்து முறைப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னார். அப்பா தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். அச்சகத்துக்குப் போய் மெய்ப்புப் பார்த்தது நான். அழைப்பவர் பெயர் ‘பிச்சை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆவணியில் கல்யாணம். அப்பாவின் அலுவலக நண்பர்கள் அத்தனை பேருக்கும் பத்திரிகை போகிறது.