ஆமை முட்டையைத் திருப்பாதீர்கள்: ஹெர்மன் ஆமைக் குஞ்சு பொரித்த அனுபவம்

மே மாதம் இட்ட 5 முட்டையும் வீண். ஜூன் மாதம் இட்ட 4 முட்டையில் 3 பொரித்துவிட்டன. ஆமை, தெற்கு ஐரோப்பாவைச் சேர்ந்த ஹெர்மன் ஆமை. (இந்தியாவில் நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பதே குற்றம், அதில் இதை முயல வேண்டாம்.)

முதலில் மண்ணிலேயே தவறு. சினை ஆமை தீனியைக் குறைத்துக்கொண்டு வேலியோரமாக ஓயாமல் நடக்கும், பின்னங்காலால் அங்கங்கே தோண்டிப் பார்க்கும். 3 நாளில் 4 குழி தோண்டி எல்லாவற்றையும் பாதியில் விட்டது. காரணம், 6 செ.மீ. மண்ணுக்குக் கீழே சரளை. குழிக்கு 10 செ.மீ. ஆழமாவது வேண்டும். தோட்ட மண்ணும் மணலும் சரிபாதி கலந்து, நல்ல வெயில் படும் இடத்தில் 25 செ.மீ. உயரத்துக்குக் கொட்டி, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு நனைத்தேன். மறுநாள் மாலையே இட்டுவிட்டது. நல்ல இடம் இருந்தும் இடாமல் சோர்ந்து கிடந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அப்போது எக்ஸ்ரே எடுக்காமல், முட்டையை வெளியே தள்ளவைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட விடாதீர்கள். முட்டை பெரிதாகவோ உடைந்தோ இருந்தால் முட்டைக்குழாயே கிழிந்துபோகும்.

அடுத்தது இன்குபேட்டர். "எந்த முட்டைக்கும் ஆகும்" என்று சொல்லிக் கடையில் கொடுத்தது, தானாகத் திருப்பும் கோழி இன்குபேட்டர். கோழி முட்டையைத் திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக் கெடும். ஆமை முட்டையில் நேர் எதிர்: இட்ட ஓரிரு நாளில் கரு மேற்பக்கச் சவ்வில் ஒட்டி வளர வேண்டும், அதைப் புரட்டினால் செத்துவிடும். மூன்றாம் வாரம் இருட்டில் டார்ச் அடித்தேன், ஒன்றிலும் ரத்தக்குழாய் தெரியவில்லை. கூமுட்டை என்றுதான் நினைத்தேன். உடைத்தால் இரண்டில் ரத்த வளையம்; கரு தொடங்கி நின்றிருக்கிறது. அதைப் பார்த்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஜூன் முட்டைகளைக் குழியில் கிடந்த நிலையிலேயே பென்சிலால் மேலே குறியிட்டு (பேனா மை ஓட்டுக்குள் இறங்கும்), திருப்பும் தட்டைக் கழற்றிய அதே பெட்டியில் வைத்தேன். முட்டைக்கு அடியில் வெர்மிகுலைட் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) 200 கிராம், தண்ணீர் 200 கிராம். முட்டை பாதி புதைந்தால் போதும். மூடியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் நீராவி சொட்டுச் சொட்டாக முட்டைமேல் விழும்.

பெட்டியின் திரையை நம்பவே கூடாது. அது 31.5 டிகிரி காட்டியபோது, முட்டைக்குப் பக்கத்தில் வைத்த தனி வெப்பமானியில் 33.2. ஹெர்மன் ஆமையில் 31.5-க்குக் கீழே பெரும்பாலும் ஆண், மேலே பெரும்பாலும் பெண். 34-ஐத் தாண்டினால் குஞ்சின் முதுகோட்டுத் தகடுகள் கோணலாகும், குஞ்சும் சாகும். தனி வெப்பமானியில் 32 வரும்வரை குறைத்தேன்.

59-ஆம் நாள் முதல் விரிசல். அதன்பின் 30 மணி நேரம் அசைவே இல்லை. ஓட்டைப் பிய்த்து உதவக் கை துறுதுறுக்கும், தொடாதீர்கள். உள்ளே குஞ்சு மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. வெளியே வந்த பிறகும் ஒன்றின் வயிற்றில் பட்டாணி அளவு மஞ்சள் கருவின் பை தொங்கியது. அதை மட்டும் ஈரமான சமையலறைத் தாள் விரித்த கிண்ணத்தில் வைத்துத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே விட்டேன். 2 நாளில் உள்ளே போய்விட்டது. பிறகுதான் தாடைக்கு எட்டாத வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் விட்டேன். ஐந்தாம் நாள் டேன்டெலியன் இலையைக் கடித்தது.