மியூனிக் போவதா வேண்டாமா: நாங்கள் போட்ட கணக்கு

என் கணவருக்கு ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேலை உறுதியானதும் சொந்தக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்டது சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். ஆண்டுக்கு 78,000 யூரோ. 2024 தொடக்கத்தில் ஒரு யூரோ 90 ரூபாயைச் சுற்றி இருந்தது. பெருக்கினால் 70 லட்சம் வரும். "எழுபது லட்சம்னா அப்புறம் என்ன யோசனை?" என்று சித்தப்பா கேட்டார். யோசனை அந்த எழுபது லட்சத்திலேயே இருந்தது.

ஜெர்மனியில் சம்பளம் கைக்கு வருவதற்குள் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, வருமான வரி என்று வரிசையாகப் பிடித்துவிடுவார்கள். கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் சம்பாதித்தால் மூன்றாம் வரிவகுப்பு கிடைக்கும், அதில் வரி குறைவு. அப்படியும் மாதம் 6,500 யூரோ என்பது சுமார் 4,400 ஆகிவிடும். பிள்ளைக்கு அரசு தரும் கிண்டர்கெல்ட் அப்போது மாதம் 250 யூரோ. மூன்று அறை வீட்டுக்கு, வெந்நீரும் சூடாக்கும் செலவும் சேர்த்து, 1,900 வாடகை என்று வைத்துக்கொண்டோம். மியூனிக்தான் ஜெர்மனியிலேயே வாடகை அதிகமான நகரம். சாப்பாடு, ரயில் சீட்டு, மின்சாரம், வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போக டிக்கெட், வீட்டில் தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டவேண்டிய 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் எல்லாம் போக, மாதம் ஆயிரம் யூரோ மிஞ்சலாம். அதாவது 90 ஆயிரம் ரூபாய்.

கோயமுத்தூரில் எங்களுக்கு வடவள்ளியில் சொந்த வீடு. அவர் சரவணம்பட்டியில் கார்களுக்கான மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் இருந்தார். நான் பிசியோதெரபிஸ்ட். பகலில் ஒரு மருத்துவமனை, மாலையில் சொந்தமாகச் சின்ன கிளினிக். இரண்டு சம்பளமும் சேர்ந்து, பள்ளிக் கட்டணமும் கார் கடனும் போக, மாதம் மிஞ்சியதும் ஏறக்குறைய அதே 90 ஆயிரம்தான். எழுபது லட்சத்தைக் கேட்டு வாயைப் பிளந்தவர்களிடம் இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. சித்தப்பா இன்றைக்கும் நம்புவதில்லை.

பணம் இரண்டு பக்கமும் சமம் என்றானதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அது நல்லதாகப் போயிற்று.

அவர் பக்கத்து நியாயம் சுலபமானது. பத்து வருடமாக ஜெர்மன்காரர்களுக்காகத்தான் வேலை செய்கிறார், ஆனால் கோயமுத்தூரில் உட்கார்ந்து அவர்களுடைய நேரத்துக்கு. அவர்களுக்கு மாலை என்றால் நமக்கு ராத்திரி. பாப்பா தூங்கிய பிறகுதான் அவருடைய கடைசி மீட்டிங் முடியும். முடிவுகள் எடுக்கப்படும் அறையில் இருக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. வருடத்துக்கு 30 நாள் விடுமுறையும் கூடவே வந்தது.

என் பக்கம் அப்படி இல்லை. அவருக்குக் கிடைத்தது நீல அட்டை விசா, படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கானது. அதை வைத்திருப்பவரின் மனைவி ஜெர்மன் சான்றிதழ் இல்லாமலே வரலாம், வந்த நாளிலிருந்து எந்த வேலையும் பார்க்கலாம். தாளில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பிசியோதெரபி அங்கே சட்டத்தால் முறைப்படுத்தப்பட்ட தொழில். மாநில அதிகாரிகள் நம் படிப்பைத் தங்கள் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, விடுபட்ட மணிநேரங்களைக் கணக்கெடுத்து, அதற்காகத் தேர்வு எழுதச் சொல்வார்கள், இல்லையென்றால் மேற்பார்வையில் பயிற்சி எடுக்கச் சொல்வார்கள். அதோடு ஜெர்மன் மொழியில் பி2 நிலையும் வேண்டும், அதாவது தடுமாறாமல் பேசும் அளவு. இத்தனைக்கும் அங்கே பெரும்பாலானோர் இதைப் பல்கலைக்கழகத்தில் படிப்பதில்லை. மூன்று வருடத் தொழிற்கல்வியாகத்தான் முடிக்கிறார்கள். நான் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நாலரை வருடம் படித்தவள். கடுப்பாக இருந்தது. ஆனால் நோயாளி தன் இடுப்பு வலியைப் பவேரியக் கொச்சையில் சொல்லும்போது எனக்குப் புரியவேண்டுமா வேண்டாமா? மொழியைக் கேட்பதில் தப்பு சொல்ல முடியவில்லை.

ஆக அவர் முன்னேறுவதற்கு நான் குறைந்தது இரண்டு வருடம் தொழிலை நிறுத்தவேண்டும். இதை நாங்கள் இருவரும் வெளிப்படையாகப் பேச வெகுநேரம் பிடித்தது. "நீ முதல்ல போய் செட்டில் ஆகு, நாங்க அப்புறம் வர்றோம்" என்றுதான் நான் ஆரம்பித்தேன். பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. இரண்டு வருடத்தில் நான் இங்கிருந்தே மொழி படித்துவிடுவேன், கிளினிக்கும் நடக்கும், அவருக்கும் அந்த ஊர் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். எல்லா விதத்திலும் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

அதைக் கெடுத்தது பாப்பாவின் வயது.

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் தொடக்கப்பள்ளி நாலாம் வகுப்போடு முடிகிறது. நாலாம் வகுப்பு மே மாதம் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன், கணக்கு, சுற்றுப்புற அறிவு மூன்றிலும் சராசரி 2.33க்குள் இருந்தால் கிம்னாசியம். நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பாதை அது. 2.66க்குள் என்றால் நடுப் பாதையான ரியால்ஷூலெ. அதற்கும் மேலே போனால் தொழிற்பயிற்சிப் பக்கம் போகும் மிட்டல்ஷூலெ. இங்கே ஒன்றுதான் முதல் தரமான மதிப்பெண், எண் ஏற ஏற மதிப்பு இறங்கும். பத்து வயதில் இப்படிப் பிரிப்பது எனக்கு இன்றைக்கும் ஒப்பவில்லை. பெர்லினில் தொடக்கப்பள்ளியே ஆறு வருடம், அங்கே குழந்தைக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற வழிகள் உண்டு, சுற்றி வந்தும் பல்கலைக்கழகம் போகலாம் என்று இங்கே எல்லோரும் சமாதானம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் சுற்றுவது நம் பிள்ளை.

பாப்பா 2017 ஜனவரியில் பிறந்தவள். ஊரில் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஆனால் இங்கத்திய வயதுக் கணக்குப்படி 2024 செப்டம்பரில் மறுபடி இரண்டாம் வகுப்புதான். ஒரு வருடம் வீண் என்று பாட்டிகள் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது வரமாகத் தெரிந்தது. அந்தச் செப்டம்பரில் வந்தால் 2027 மே மாதச் சான்றிதழுக்கு முன் ஏறக்குறைய மூன்று கல்வியாண்டு அவள் கையில் இருக்கும். என் புத்திசாலித்தனமான ஏற்பாட்டின்படி 2026ல் வந்தால், நேராக நாலாம் வகுப்பு. ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாத குழந்தை எட்டு மாதத்தில் ஜெர்மன் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கவேண்டும். இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகு "அப்புறம் வர்றோம்" என்ற பேச்சு நின்றுபோனது. போவதென்றால் மூன்று பேரும் இப்போதே, இல்லையென்றால் யாரும் வேண்டாம்.

பொள்ளாச்சியில் மாமியாரிடம் சொன்னோம். அவர்களுக்கு என் கணவர் ஒரே பையன். மாமனாருக்குச் சர்க்கரை, தோப்பை ஆள் வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மாமியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "போறதுன்னா முழுசாப் போயிருங்க கண்ணு. அவன் அங்கயும் நீ இங்கயுமா இருந்தா ரெண்டு பக்கமும் நாங்கதான் பதில் சொல்லோணும்" என்றார். கிளினிக்கைக் கூடப் படித்த தோழியிடம் ஒப்படைத்தேன். மூடவில்லை. திரும்பி வர ஒரு கதவு இருக்கட்டும் என்றுதான்.

பெங்களூரிலிருந்து மியூனிக்குக்கு நேரடி விமானம் 2023 கடைசியில் ஆரம்பித்திருந்தார்கள். கோயமுத்தூர்க்காரர்களுக்கு அது பெரிய உபகாரம்.

வந்த பிறகு பட்டதில் பெரும்பங்கு வீட்டுக்காகத்தான். நிறுவனம் கொடுத்த தற்காலிக வீட்டில் இருந்துகொண்டே தேடினோம். வீட்டுக்காரர் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார். வந்ததே போன மாதம். ஷூஃபா என்ற கடன் நாணயச் சான்று கேட்பார். இந்த நாட்டில் ஒரு பில்லும் கட்டாதவருக்கு அதில் என்ன இருக்கும்? ஒரு வீட்டைப் பார்க்க மாடிப்படி வரை வரிசை நின்றது, அதில் பாதிப்பேர் கையில் தங்களைப் பற்றிய கோப்பும் குடும்பப் படமும். கடைசியில் கிடைத்த வீட்டில் சமையலறையே இல்லை. அறை இருந்தது, சுவரில் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் இருந்தன. அடுப்பு, தொட்டி, மேடை எல்லாவற்றையும் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கே அதுதான் வழக்கமாம். முன்பணமாக மூன்று மாத வாடகை கொடுத்த கையோடு சமையலறையும் வாங்கினோம். அது வரும் வரை குளியலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவி, மின்சார அடுப்பில் ரசம் வைத்தேன். குடும்பத்தோடு வருகிறவர்கள் இந்தச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். முதல் வருடச் சேமிப்பு இதிலேயே போய்விடும்.

வீடு மாறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிந்தாகவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அந்தப் பதிவில்தான் மற்ற எல்லாம் தொங்குகிறது: வரி எண், வங்கி, பள்ளி.

மருத்துவம் மட்டும் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அவருடைய பொதுக் காப்பீட்டிலேயே நானும் பாப்பாவும் கூடுதலாக ஒரு யூரோ கட்டாமல் சேர்ந்துகொண்டோம். பள்ளிக்கும் கட்டணம் இல்லை.

பாப்பாவை முதலில் ஜெர்மன் தெரியாத குழந்தைகளுக்கான தனி வகுப்பில் போட்டார்கள். உக்ரைன், சிரியா, துருக்கி என்று பல ஊர்ப் பிள்ளைகள். பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும், சில நாள் பதினொன்றரைக்கே. மதியக் காப்பகத்தில் இடம் இல்லை. முழுநாள் கவனிப்புக்கான சட்ட உரிமை 2026 ஆகஸ்டில்தான் தொடங்குகிறது, அதுவும் முதல் வகுப்பில் சேர்பவர்களுக்கு. சரி, பதினொன்றரைக்கு வாசலில் யார் நிற்பது? இதற்கு எந்த வீட்டிலும் விவாதம் நடப்பதில்லை, என் வீட்டிலும் நடக்கவில்லை. காலை எட்டரைக்கு மொழி வகுப்புக்கு ஓடி, பாதியில் எழுந்து பள்ளிக்கு ஓடி, இரவில் அவள் வீட்டுப்பாடத்தோடு என் வீட்டுப்பாடம். மேசையில் என்னைவிட அவள் வேகம். "அம்மா, அது 'டெர்' இல்ல, 'டாஸ்'" என்று, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல்லைத் திருத்துவாள்.

மத்திய ரயில் நிலையத்துக்குத் தெற்கே கோத்தே தெருப் பக்கம் துருக்கிக் கடைகள், அரபுக் கடைகள், நம் கடைகள் எல்லாம் உண்டு. அங்கே யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் கடையில்தான் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்குவேன். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். ஒருநாள் நான் போவதா வேண்டாமா என்று மாதக்கணக்கில் கணக்குப் போட்ட கதையைச் சொன்னேன். சிரித்தார். "உங்களுக்குத் திரும்பிப் போறதுக்கு வீடு இருக்குது, அதாலதான் இவ்வளவு யோசனை. நாங்கள் யோசிக்கேல்லை தங்கச்சி, வந்திட்டம்." சொல்லிவிட்டு வெண்டைக்காயை நிறுத்துக்கொண்டே, பாப்பாவை வார இறுதியில் தமிழாலயம் என்ற தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னார். அவருடைய பிள்ளைகள் அங்கே படித்தவர்களாம்.  அவரைப் போன்றவர்கள் ஒன்றுமில்லாமல் வந்து, ஜெர்மனியின் ஹம் நகரில் 2002ல் கோபுரத்தோடு காமாட்சியம்மனுக்குக் கோவில் கட்டி, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிகளும் நடத்துகிறார்கள். என் கணக்குகள் எல்லாம் அவர் முன் கொஞ்சம் வசதிக்காரர் கவலையாகத்தான் தெரிந்தன. பாப்பா இப்போது சனிக்கிழமைகளில் போகிறாள். ஈழத்துத் தமிழும் கொங்குத் தமிழும் கலந்து பேசுகிறாள், மாமியாருக்குப் பாதி புரிவதில்லை.

பெற்றோர் விஷயம்தான் தீராமல் இருக்கிறது. 2024 மார்ச் 1க்குப் பிறகு முதல் அனுமதி வாங்கிய எங்களைப் போன்றவர்கள் அப்பா அம்மாவை இங்கேயே அழைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. கேட்டதும் அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் அவர்களுக்கு முழு மருத்துவக் காப்பீடு நாம் காட்டவேண்டும். குடும்பக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியாது. எழுபதை நெருங்கும் சர்க்கரை நோயாளிக்குத் தனியார் யாரும் கட்டுப்படியாகும் விலையில் தருவதில்லை. ஆகவே இப்போதைக்கு அவர்கள் வரமுடிவது 90 நாள் சுற்றுலா விசாவில்தான்.

பாப்பா போன வருடமே சாதாரண வகுப்புக்கு மாறிவிட்டாள். மூன்றாம் வகுப்பு நடக்கிறது. கணக்கில் 1, ஜெர்மனில் 3. 2027 மே மாதம் எந்தப் பள்ளி என்பது தெரியவரும். எனக்கு பி2 சான்றிதழ் வந்துவிட்டது. பல்கலைக்கழகப் பாட விவரங்களை மொழிபெயர்த்து அனுப்பியதற்கு, இன்னின்ன பாடங்கள் போதவில்லை, மேற்பார்வைப் பயிற்சி எடுக்கவேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. ஒரு மருத்துவமனையில் இடமும் சொல்லியிருக்கிறார்கள். காலை ஏழரையிலிருந்து வேலை. செவ்வாய், வியாழன் அவர் மதியம் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒத்துக்கொண்டிருக்கிறார். மற்ற நாட்களுக்கு மே மாதம் மாமியாரும் மாமனாரும் வருகிறார்கள். அவர்கள் விசா ஆகஸ்டில் முடிகிறது. அதற்கப்புறம் திங்கள், புதன், வெள்ளிக்கு என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.