பிரமிடில் இடம் கிடைக்காத சேறு

பாடப் புத்தகத்தில் வரும் ஆற்றல் பிரமிடு மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கடுப்பு உண்டு. அடியில் புல், மேலே மான், உச்சியில் புலி, ஒவ்வொரு படிக்கும் கீழ்ப்படி ஆற்றலில் பத்து சதவீதம்தான் ஏறும் என்று ஒரு விதி. சரி, மான் தின்னாமல் விட்ட புல், உதிர்ந்த இலை, சாணம், செத்துப்போன புலி, இதெல்லாம் என்ன ஆகிறது? படத்தின் ஓரத்தில் ஒரு காளானும் நாலைந்து பாக்டீரியாவும் வரைந்து ‘சிதைப்பவை’ என்று எழுதியிருப்பார்கள், கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தத்தைக் கடைசிப் பந்தியில் உட்கார வைப்பதுபோல.

இந்தக் கணக்குக்கே பிள்ளையார் சுழி போட்டவர் சூழலியலாளர் ரேமண்ட் லிண்ட்மேன். அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் பாக் என்ற சின்ன ஏரியை, மனைவி எலினோரின் உதவியோடு, ஐந்து ஆண்டுகள் அலசியவர். அவர் 1942 கட்டுரையில் போட்ட படத்தைப் பாருங்கள்: நட்ட நடுவில் இருப்பது ஏரியடிச் சேறு! சுற்றியுள்ள எல்லா உயிர்களிடமிருந்தும் அம்புகள் அதற்குள் இறங்குகின்றன, அங்கிருந்து மறுபடி உணவாகக் கிளம்பியும் போகின்றன. பாதி செத்துக்கொண்டிருக்கும் ஒரு நீர்ச்செடி, அதன் மேலெல்லாம் ஒட்டி வளரும் பாசி, இதில் எதை உயிர், எதைச் சூழல் என்று பிரிப்பீர்கள் என்பதுதான் அவருடைய கேள்வி.

இன்னொன்று. ‘லிண்ட்மேனின் பத்து சதவீத விதி’ என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அவருடைய ஏரியில் அந்தப் பத்து எங்கேயுமே வரவில்லை. விழுந்த வெயிலில் செடிகளும் பாசிகளும் பிடித்தது வெறும் 0.1 சதவீதம், அதில் தாவர உண்ணிகளுக்குப் போனது 13.3, அதற்கு அடுத்த படிக்கு 22.3. பத்து என்பது பிற்பாடு வசதிக்காக ஒட்டிக்கொண்ட தோராயம், அவ்வளவுதான். அந்தக் கட்டுரையையும், தரவு போதாது, கோட்பாடு அதிகம் என்று சொல்லி மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் ஹட்சின்சன் வாதாடித்தான் அது அச்சேறியது. அச்சில் பார்க்க லிண்ட்மேன் இல்லை, 27 வயதில் கல்லீரல் நோயால் போய்விட்டார்.

சிதைப்பவை எவ்வளவு பெரிய பங்கு வாங்குகின்றன என்பதற்கு எனக்குப் பிடித்த கணக்கு புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் ஹோவர்ட் ஓடம் என்ற சூழலியலாளர் போட்டது, 1957-இல் வெளிவந்தது. ஒரு சதுர மீட்டருக்கு ஓராண்டில் தாவரங்கள் பிடித்த ஆற்றல் 20,810 கிலோகலோரி. தாவர உண்ணிகள் பங்கு 3,368, ஊன் உண்ணிகளுக்கு 383, உச்சியில் இருப்பவற்றுக்கு வெறும் 21. சிதைப்பவை? 5,060! மீன், ஆமை என்று கண்ணுக்குத் தெரிகிற எல்லா விலங்கும் சேர்ந்து வாங்கியதைவிட இது அதிகம். காட்டிலும் இதே கதைதான், மரங்கள் செய்யும் இலையில் பச்சையாகத் தின்னப்படுவது கொஞ்சம், பெரும்பகுதி சருகாகக் கீழே விழுந்த பிறகுதான் யாருக்காவது சாப்பாடு.

இங்கே ஒரு குழப்பம் மட்டும் நிறைய பேருக்கு உண்டு, ஆசிரியர்களுக்கும்தான். சிதைப்பவை ‘ஆற்றலை மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன’ என்று எழுதுகிறார்கள். இல்லவே இல்லை. திரும்பி வருவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மாதிரியான சத்துகள், அவைதான் சுற்றிச் சுற்றி வரும். ஆற்றல் ஒருவழிப் பாதை. ஓடம் கணக்கிலேயே அந்த 5,060-இல் 4,600 சுவாசத்தில் வெப்பமாகப் போய்விட்டது.

நம்பிக்கை இல்லையென்றால், ஒழுங்காக வேலை செய்கிற ஒரு எருக்குவியலை நடுவில் கிளறி, கை வைத்துப் பாருங்கள் (கொஞ்சம் பார்த்து, உள்ளே 60 டிகிரிகூட இருக்கும்). யாரும் அடுப்பு மூட்டவில்லை, பச்சை இலை எப்போதோ பிடித்து வைத்த வெயிலைத்தான் நுண்ணுயிரிகள் இப்போது செலவழிக்கின்றன. ரெண்டு மூணு வாரத்தில் சூடு குறையும், காற்றில்லாமல் திணறியிருந்தால் புரட்டிப் போட்டதும் மறுபடி ஏறும், தின்ன எதுவும் மிச்சமில்லை என்றால் எவ்வளவு புரட்டினாலும் ஏறாது. அதற்குள் குவியல் பாதியாக வற்றியிருக்கும், அதிலிருந்த கார்பனில் பெரும்பங்கு கரியமில வாயுவாகக் கிளம்பிப் போயிருக்கும்.