மாவிலித்துறையிலிருந்து பெரியாஸ்பத்திரி வரை

நெடுந்தீவில் தாதியாக வேலை செய்தேன் என்று சொன்னால் யாழ்ப்பாணத்தில் முதலில் தீவின் காட்டுக் குதிரைகளைப் பற்றித்தான் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "இரவில ஆருக்கும் கடுமையாக்கினா என்ன செய்வியள்? ஹெலி வருமோ?" வரும். விமானப்படையின் ஹெலி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. படகு போக முடியாத காற்றும் மழையும் பெரும்பாலும் ஹெலியையும் நிறுத்திவிடும்.

அனலைதீவுக்கு இடமாற்றம் கிடைத்த, தங்கச்சி போன்ற தாதி ஒருத்தி போன கிழமை கூப்பிட்டாள். "அக்கா, அவசரத்துக்கு ஆக்களை எப்பிடி அனுப்பினனீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோ" என்றாள். அவளுக்கு எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. தீவுப்பகுதியில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்று இங்கே போடுகிறேன்.

இடம் தெரியாதவர்களுக்காக: நெடுந்தீவின் இறங்குதுறை மாவிலித்துறை. அங்கிருந்து புங்குடுதீவின் குறிகட்டுவானுக்கு குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பழகிய பெயர்களில் படகுகள் ஓடும். கடல் நல்லாக இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிறகு தரை வழி: புங்குடுதீவு, தாம்போதி, வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி, பண்ணைப் பாலம், பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. 30 கிலோமீற்றருக்கு மேல். தீவில் ஒரு பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. சத்திரசிகிச்சை, சீரி ஸ்கான், தீவிர சிகிச்சை எல்லாவற்றுக்கும் பண்ணைப் பாலம் தாண்ட வேண்டும்.

கூட்டம் வைத்தால் எல்லோரும் கேட்பது வேகமான படகு. நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, நேரம் போவது கடலில் அல்ல, இரண்டு கரையிலும்தான். கிழக்கே சாராப்பிட்டிப் பக்கம் ஒருவருக்கு இரவு ஒரு மணிக்கு நெஞ்சு நோகத் தொடங்கினால், "வாயு போல கிடக்கு, விடியட்டும்" என்று இஞ்சி குடித்துவிட்டுப் படுப்பார். விடிந்த பிறகு வாகனம் தேட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அனுப்புவதா வைத்துப் பார்ப்பதா என்று கதைக்க வேண்டும். படகு நிற்கும், ஓட்டி அக்கரையில் நிற்பார். ஓட்டி நிற்பார், எண்ணெய் போதாது. இரண்டும் சரியென்றால் படகின் திறப்பு (சாவி) ஒருவர் வீட்டில் இருக்கும், அவர் கலியாண வீட்டுக்குப் போயிருப்பார். கடலில் பத்து நிமிடம் மிச்சம் பிடிக்க ஒரு பெரிய எஞ்சின் வேண்டும். கரையில் ஒரு மணித்தியாலம் மிச்சம் பிடிக்க அந்தத் திறப்பை ஆஸ்பத்திரிச் சுவரில் ஓர் ஆணியில் கொழுவினால் போதும்.

அதனால் நாங்கள் முதலில் எழுதிக்கொண்டது படகைப் பற்றியே அல்ல. ஒவ்வொரு நாளும் பின்னேரப் படகு வெளிக்கிட முன்னம் வார்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்பது: இந்த ஆளை இன்றிரவு இரண்டு மணிக்கு அனுப்ப வேண்டி வருமா? "வராது" என்று நிச்சயமாகச் சொல்ல முடியாவிட்டால் இப்போதே அனுப்பு. பகல் வெளிச்சத்தில், தன் காலால் நடந்து, மனைவியோடு, உடுப்புப் பையோடு போகட்டும். அப்படி அனுப்பியவர்களில் சிலர் அடுத்த நாளே சுகமாகத் திரும்பி வருவார்கள். "இதுக்கெல்லாம் ஏன் அனுப்பினியள்?" என்று பெரிய இடத்து வார்டுகளில் முகம் சுழிப்பார்கள். சுழிக்கட்டும். இரவு வாடைக்காற்றில் வள்ளத்தில் இருந்து பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

கர்ப்பிணிகளுக்கு இதே கணக்குத்தான், இன்னும் முன்னதாக. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேட்டில் யாருக்கு எந்தக் கிழமை நாள் என்று இருக்கும். நாள் நெருங்க முன்னமே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக்கோ வார்டுக்கோ போய்விட வேண்டும். சொல்வது சுகம். மூத்த பிள்ளைகளை ஆர் பார்ப்பது, ஆட்டுக்கு ஆர் குழை வெட்டிப் போடுவது? ஒரு பெண் என்னிடம் நேராகவே சொன்னாள்: "மிஸ்ஸி, நான் போனா மாடு பால் குடுக்காது, அது என்ர கைக்குத்தான் நிக்கும்." அவளை அனுப்பியது என் உபதேசம் அல்ல. பக்கத்து வீட்டு மாமி அவளுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு மாட்டுக்குக் கிட்டப் போய்ப் பழகினார். திட்டம் என்று எழுதும் தாளில் இப்படியானவற்றுக்கு ஒரு வரி விட வேண்டும்.

அதையும் மீறிச் சில பிரசவம் தீவிலேயே நடந்துவிடும். பிள்ளை பிறந்து இரத்தம் நிற்காவிட்டால், கருப்பையை வயிற்றுக்கு மேலால் தேய்த்து இறுக வைப்பது, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஒக்சிரோசின், சேலைன், இரத்தப்போக்கைக் குறைக்கும் ரனெக்சாமிக் அசிட் ஒரு கிராம். கடைசியாகச் சொன்னதைப் பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் போடலாம் என்று வைத்திருந்தால் கடலும் ரோட்டும் அந்த 3 மணி நேரத்தைத் தின்றுவிடும். தீவில் தொடங்க வேண்டியவற்றைத் தீவில் தொடங்கிவிட்டுத்தான் படகுக்குப் போக வேண்டும்.

நெஞ்சுவலியும் அப்படித்தான். அஸ்பிரின் 300 மில்லிகிராமைச் சப்பச் சொல்லிக் கொடுத்து, ஈசிஜி எடுத்து, அதைப் படம் பிடித்து அக்கரை டொக்டருக்கு அனுப்பிக் கதைக்க வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து கொடுப்பதென்றால் வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள், அதுவும் எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லது. நோயாளி முதல் நாள் இரவு தொடங்கிய வலியை "விடியத்தான் தொடங்கினது" என்று சொல்வார், வெட்கத்தில். மனைவியைத் தனியாகக் கேட்டால் சரியான நேரம் வரும்.

பாம்புக்கடியில் ஏமாற்றுவது கட்டுவிரியன். கடித்த இடத்தில் வீக்கமோ நோவோ பெரிதாக இராது. நிலத்தில் படுத்திருந்தவர் எழும்பி வயிற்று நோ என்பார். கொஞ்ச நேரத்தில் கண் இமை தாழும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு விடும் தசைகள் சோரும். அப்போது தேவைப்படுவது சுவாச இயந்திரம், அது அக்கரையில். இமை தாழும்வரை காத்திருந்தால் படகில் வைத்து, மூச்சுக் கொடுக்கும் அம்பூ பையைக் கையால் அமுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கண்ணாடிக் குழாயில் இரத்தம் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்க்கும் சோதனை, இரத்தத்தை உறைய விடாத புடையன் போன்ற பாம்புகளுக்கு உதவும், கட்டுவிரியனுக்கு உதவாது. இரத்தம் நன்றாக உறைந்திருக்கிறதே என்று ஆறுதல்படக் கூடாது. விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது, அதற்கு ஒவ்வாமை அடிக்கடி வரும். ஏற்றும்போது அட்ரினலின் ஊசியில் எடுத்தபடி கிட்ட இருக்க வேண்டும்.

இனி ஒக்சிசன். தங்கச்சி, இதை மட்டும் கொப்பியில் எழுதி வை. "ஈ" (E) என்ற அளவுச் சிலிண்டர் நிறைந்திருந்தால் ஏறத்தாழ 680 லீற்றர். நிமிடத்துக்கு 10 லீற்றர் ஓடவிட்டால் 68 நிமிடம். வார்டிலிருந்து துறை, துறையில் ஏற்றுவது, கடல், குறிகட்டுவானில் இறக்குவது, எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்தைச் சும்மா தாண்டும். ஒரு சிலிண்டரோடு வெளிக்கிட்டால் நடுக்கடலில் மானியின் ஊசி சிவப்புக்கு வந்துவிடும். மூன்று வேண்டும், திருகும் சாவி ஒவ்வொன்றிலும் கட்டியிருக்க வேண்டும். அம்புலன்சில் இருக்கிறதுதானே என்று கணக்கைக் குறைக்காதே, அம்புலன்ஸ் பிந்தலாம்.

படகில் ஏறியதும் வார்டில் படித்ததில் பாதி உதவாது. எஞ்சின் சத்தத்தில் ஸ்ரெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. பிறஷர் பார்க்க மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு, பட்டியை ஊதி நாடி மறையவிட்டு, மெல்லக் காற்றை விட்டு, நாடி திரும்பத் தட்டும் இடத்தைப் பார்க்க வேண்டும். மேல் எண் மட்டும்தான் கிடைக்கும், அது போதும். விரலில் மாட்டும் ஒக்சிசன் கருவி, குளிர்ந்த கையிலும் ஆட்டத்திலும் எண்களை அள்ளி வீசும். நான் அதை விட்டுவிட்டு உதட்டு நிறத்தையும் மூச்சு எண்ணிக்கையையும் பார்ப்பேன். சேலைன் ஊசியைக் கரையிலேயே இரண்டு கையிலும் ஏற்றி நன்றாக ஒட்டிவிட வேண்டும், உப்புத் தண்ணீர் பட்டால் பிளாஸ்ரர் கழரும். தறப்பாள் ஒன்று, உலர்ந்த போர்வை இரண்டு, வாந்திக்குப் பொலித்தீன் பை. மயக்கத்தில் இருப்பவரை நிமிர்த்திப் படுக்க வைக்கக் கூடாது, சரித்து வை. இன்னொன்று: சின்னப் படகில் நோயாளியை ஸ்ரெச்சரோடு இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டுவதை நான் விடமாட்டேன். படகு கவிழ்ந்தால் எங்களுக்கு நீச்சல், அவருக்கு? ஒரு இழுப்பில் கழரும் பட்டி, உயிர்காப்பு அங்கி, இரண்டும் வேண்டும்.

துறையில் ஸ்ரெச்சரை இறக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் எனக்கு முழுப் பயணத்திலும் பயமான இடம். சோழகக் (தென்மேல் காற்று) காலத்தில் படகு எழும்பி எழும்பித் தாழும். ஏழெட்டுப் பேர் நிற்பார்கள், ஆளுக்கொரு சத்தம். ஒருநாள் வயதான தொழிலாளி ஒருவர், பீடியை எறிந்துவிட்டு, "எல்லாரும் வாயை மூடுங்கோ, நான் சொல்லேக்க மட்டும் குடுங்கோ" என்றார். படகு தாழ்ந்தது, எழும்பியது, திரும்பவும் தாழ்ந்தது. அடுத்த முறை அது மேலே வந்து ஒரு கணம் நின்றபோது "ம்" என்றார். ஸ்ரெச்சர் படகில் இருந்தது. அதன் பிறகு எங்கள் தாளில் எழுதினோம்: துறையில் கட்டளை கடல் தெரிந்த ஒருவருக்கு, டொக்டருக்கல்ல.

இரவில் பெரும்பாலும் உதவிக்கு வருவது கடற்படைப் படகு. அவர்கள் கெதியாகவே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் 1985 மே 15 அன்று குமுதினியில் வைத்துச் சனம் வெட்டிக் கொல்லப்பட்ட தீவு இது. வெட்டியவர்கள் கடற்படையினர் என்றுதான் உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். மூச்சு முட்டிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி, எந்தப் படகு என்று கேட்டறிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறமாட்டேன் என்றார். சமாதானம் சொல்லி ஏற்ற எனக்கு மனம் வரவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை. அவருடைய பேரன் முதலில் ஏறி உள்ளே இருந்து கூப்பிட்டான். "அப்ப நீயும் வாறியோ" என்று கேட்டு ஏறினார். வயதானவர்களை அனுப்பும்போது அவர்களுக்கு நம்பிக்கையான ஒருவர் கூட வருவதற்கு இடம் கேட்டு வை. ஒரு ஆளுக்குத்தான் இடம் என்று சொன்னாலும் கேள்.

அக்கரையில், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இருக்கிறது. இந்திய உதவியோடு 2016இல் தெற்கில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்த இலவசச் சேவை. படகு மாவிலித்துறையை விட்டதும் கூப்பிட வேண்டும், குறிகட்டுவானில் இறங்கிய பிறகு அல்ல. அழைப்பெடுப்பவர் நோயாளியோடு போகிறவராக இருக்கக் கூடாது, நடுக்கடலில் சிக்னல் வந்து வந்து போகும். தீவில் நிற்கும் ஒருவர்தான் கதைத்து, வாகனம் வெளிக்கிட்டதா என்று திரும்பவும் கேட்க வேண்டும்.

தீவுக்குள்ளே ஜே/01 முதல் ஜே/06 வரை ஆறு கிராம சேவகர் பிரிவு. ஒவ்வொன்றிலும் இரவில் எழுப்பக்கூடிய, வாகனம் வைத்திருக்கிற இரண்டு பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வார்டுச் சுவரில் ஒட்டியிருந்தது. இரண்டு பேர், ஏனென்றால் ஒருவர் நிச்சயம் ஊரில் இருக்க மாட்டார். மாதம் ஒருமுறை அந்த இலக்கங்களுக்கு எடுத்துப் பார்க்காவிட்டால் அந்தத் தாள் அலங்காரம்தான். இலக்கம் மாறும், வாகனம் விற்றுப்போகும், ஆள் கனடா போயிருப்பார்.

கடைசியாக ஒன்று, இதை எந்தக் கூட்டத்திலும் யாரும் எடுத்ததில்லை. திரும்பி வருவது. பின்னேரம் வார்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள், பஸ் பிடித்துக் குறிகட்டுவானுக்கு வர கடைசிப் படகு போயிருக்கும். தையல் போட்ட வயிற்றோடு துறைக் கட்டடத்தில் விடியும்வரை இருந்தவர்கள் உண்டு. அதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டார் அடுத்த முறை தங்களுக்கு வருத்தம் வந்தால், போகமாட்டேன் என்று நிற்பார்கள். எனவே அனுப்பும் கடிதத்தின் மேலேயே பெரிதாக எழுதுவோம்: "நெடுந்தீவு. விடுவதென்றால் காலையில் விடவும்." கேட்பவர்கள் கேட்பார்கள். மற்ற நாட்களுக்கு, புங்குடுதீவில் இரவு தங்கவிடக்கூடிய ஒரு வீட்டின் இலக்கத்தையும் அந்தத் தாளிலேயே எழுதி வை. அனலைதீவுக்கு உனக்கு ஊர்காவற்றுறைப் பக்கம் வேண்டும். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறா, கேட்டுச் சொல்கிறேன்.